துருக்கிப் பேப்பரில் ஒரு ‘ஆம்’

1. முதல் நாள்

புதுச்சேரியில் ஒரு செய்திக் கண்காணிப்பு நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். என் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்த டெஸ்க் ஹெட் ரமணன் சார் பதறிவிட்டார்.

“ஸ்டெல்லா, என்னம்மா தகராறுன்னு போட்டிருக்குது? பேச்சுவார்த்தை புட்டுக்கிச்சா?”

துருக்கி மொழியை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். அதனால் அவரால் படிக்க முடிந்தது. புரியத்தான் இல்லை.

“இல்ல சார். அது ‘தெக்ரார்’. துருக்கியில ‘மறுபடியும்’னு அர்த்தம். பேச்சுவார்த்தை மறுபடி ஆரம்பிச்சிருக்குதுன்னு போட்டிருக்கான். நல்ல சேதிதான்.”

“ஒரே வார்த்தை எப்படிம்மா அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு?”

எனக்கும் அதுதான் ஆச்சரியம். அரபியில் அந்தச் சொல்லுக்குத் திரும்பத் திரும்பச் செய்வது என்று பொருள். அது துருக்கிக்குப் போய் ‘மறுபடியும்’ ஆகியிருக்கிறது. உருது வழியாக நம்மிடம் வந்து சண்டையாகிவிட்டது. திரும்பத் திரும்பப் பேசினால் சண்டைதானே வரும் என்றார் சார்.

மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவரின் மகள் துருக்கி படித்த கதையைப் பலர் கேட்கிறார்கள். புதுச்சேரியில் பி.ஏ. பிரெஞ்சு படித்தேன். சப்டைட்டில் போடும் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே பிரெஞ்சுப் படங்களைவிடத் துருக்கி சீரியல்கள்தான் அதிகம் வந்தன. பார்த்துப் பார்த்து, பிறகு ஆன்லைனில் முறையாகப் படித்து, ஒன்பது வருடத்தில் மொழி கைக்கு வந்தது. மாமியார் சண்டை, காதல், ஆஸ்பத்திரி இந்த மூன்றுக்கும் வேண்டிய துருக்கி எனக்கு அத்துப்படி. போர்நிறுத்தம் என்ற சொல்லை மட்டும் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

வேலை இதுதான். தினமும் எட்டு துருக்கிப் பேப்பர்களைப் படிக்க வேண்டும். சுற்றியுள்ள நாடுகளின் போர், சமாதானப் பேச்சு, கடல்வழி பற்றி அவை எழுதுவதை ஆங்கிலத்தில் சுருக்கி ரிப்போர்ட் போட வேண்டும். கப்பல் கம்பெனிகளும் கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளும் அதற்குச் சந்தா கட்டியிருந்தார்கள்.

ஒரே சந்திப்பை எட்டு பேப்பரும் எட்டு விதமாக எழுதும். அரசுக்கு நெருக்கமான பேப்பரில் அது சரித்திர வெற்றி. எதிர்த்தரப்புப் பேப்பரில் அதே போட்டோ, ஆனால் யார் முகம் வாடியிருக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்டுவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது ‘கூலிஸ்’ என்ற பத்தி. நாடக மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் இருக்கும் இடத்துக்கு பிரெஞ்சில் அந்தப் பெயர். துருக்கிப் பத்திரிகையாளர்கள் அந்தச் சொல்லை எடுத்து, தலைநகரில் காதில் விழுந்த அரசல் புரசலுக்கு வைத்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தையில் என்ன நடக்கிறது என்பது பல சமயம் அங்கேதான் முதலில் வரும். பல சமயம் தப்பாகவும் வரும்.

2. விட்டுப்போன ஒட்டு

இரண்டு வருடம் கழித்து வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்தது. மரக்காணத்தில் ஈசிஆருக்குக் கிழக்கே எங்கள் வீடு. இரண்டு வீடு தள்ளி கௌரி வாடகைக்கு இருந்தாள். கடற்கரைக் குப்பத்துப் பெண். கட்டுமரத்திலும் போட்டிலும் போய்க்கொண்டிருந்த அவள் கணவன் வேலு, பயிற்சி முடித்து சரக்குக் கப்பலில் ஆயிலராகப் போயிருந்தான். இன்ஜின் அறையில் எண்ணெய் போட்டுப் பராமரிக்கும் வேலை.

கருங்கடல் பக்கம் போர் மூண்டபோது அவன் கப்பல் ஒரு துறைமுகத்துக்குள் மாட்டிக்கொண்டது. வெளியே வரும் வழியெல்லாம் கண்ணிவெடி. கப்பல்களுக்குப் பாதுகாப்பான வழி விட வேண்டும் என்று துருக்கியில் வைத்துப் பேச்சு நடந்தது. கௌரி தினமும் காலையில் என் வாசலுக்கு வருவாள்.

“அக்கா, இன்னிக்கி என்னா போட்டிருக்கான்?”

ஒரு நாள் ஒரு கூலிஸ் பத்தியில் ‘அன்லஷ்மிஷ்லர்’ என்று படித்தேன். இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்களாம் என்று அர்த்தம். துருக்கியில் கண்ணால் கண்டதற்கு ஒரு விகுதி, காதால் கேட்டதற்கு ஒரு விகுதி. ‘மிஷ்’ என்பது கேட்டதற்கு. நம் ‘வந்தான்’, ‘வந்தானாம்’ மாதிரி. ஆங்கிலத்தில் அப்படி ஒட்டு கிடையாது. ‘ரிப்போர்டெட்லி’ என்று தனியாக ஒரு சொல் போட வேண்டும். அதைப் போட்டால் ரமணன் சார் வெட்டிவிடுவார். “பக்கத்துக்குப் பத்து ரிப்போர்டெட்லி போட்டா கிளையன்ட் எதுக்கும்மா படிக்கணும்?” என்பார். அன்று அவர் வெட்டும் முன் நானே விட்டுவிட்டேன். ‘இரு தரப்பும் ஒப்புக்கொண்டனர்’ என்று ரிப்போர்ட் போனது.

மத்தியானமே சென்னையிலிருந்து வேலுவின் ஏஜென்சி கௌரிக்கு போன் செய்தது. கப்பல் கிளம்பப் போகிறது என்றார்கள். அவள் தெருவெல்லாம் கேசரி கொடுத்தாள். என் வீட்டுக்கும் ஒரு டப்பா வந்தது. என் ரிப்போர்ட்டைப் படித்துத்தான் ஏஜென்சி பேசியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கேசரியை நான் தொடவில்லை.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் மறுப்பு. யாரும் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சு நின்றுவிட்டது.

கௌரி வந்ததும் நானே சொன்னேன். “அத எழுதினது நான்தான் கௌரி.”

“பொய்யாவா எழுதினீங்க?”

“பொய் இல்ல. ‘ஒத்துக்கிட்டாங்களாம்’னு அவன் போட்டிருந்தான். நான் ‘ஒத்துக்கிட்டாங்க’ன்னு போட்டுட்டேன்.”

“அந்த ஒரு ‘ஆம்’முக்கா எங்க மாமியார் நேத்து பூரா அழுது சிரிச்சிக்கினு இருந்திச்சி?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஒரு வாரம் என் வாசல் பக்கம் வரவில்லை.

3. எழுதாமல் விட்டது

அதன்பின் கூலிஸ் பத்திகளை ரிப்போர்ட்டில் சேர்ப்பதையே விட்டேன். அதிகாரி பெயர் சொல்லிப் பேசியது, மந்திரி மைக் முன்னால் சொன்னது, அவ்வளவுதான் எடுப்பேன். ரிப்போர்ட் சுத்தமாக இருப்பதாக ரமணன் சார்கூடப் பாராட்டினார்.

சில வாரங்களில் அதே பத்தியாளர் இன்னொன்று எழுதினார். வழி சீக்கிரம் திறக்கப் போகிறதாம். முதல் வரிசையில் போகும் கப்பல்களின் பட்டியல் தயாராகிறதாம். முன்கூட்டியே கப்பல் பெயரைக் கொடுத்த கம்பெனிகளுக்குத்தான் இடமாம். வரிக்கு வரி ‘மிஷ்’. போன தடவை இந்த ஆளால்தானே அவமானம் என்று பக்கத்தை மூடினேன்.

மூன்றாம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. உண்மையாகவே ஆனது. டிவியில் கைகுலுக்கினார்கள். முதல் வரிசைக் கப்பல்கள் கிளம்பின. அதில் வேலுவின் கப்பல் இல்லை. அந்தக் கப்பலின் கம்பெனி பெயரே கொடுத்திருக்கவில்லை.

ரமணன் சார் போனில் கத்தினார். “முந்தாநாளே பேப்பர்ல வந்திருக்குதாமே! பட்டியல்ல விட்டுப்போன கம்பெனிக்காரன் நம்ம கிளையன்ட்தாம்மா. நம்ம ரிப்போர்ட்ல ஏன் இல்ல?”

“கூலிஸ் சார். உறுதியில்லன்னு விட்டுட்டேன்.”

“விட்டுட்டியா? அத நீ முடிவு பண்ணலாமா?”

அன்று சாயங்காலம் கௌரி வீட்டுக்கு நானே நடந்து போனேன். உப்பளத்திலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நின்றேன். மறுபடியும் அவளிடமே தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறோமே என்று இருந்தது.

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

“அக்கா, மொதல்ல காதுல வுழுந்தத நடந்த மாதிரியே சொன்னீங்க. இப்ப காதுல வுழுந்ததயே சொல்லாம வுட்டுட்டீங்க. நடுவுல ஒண்ணு இருக்குதுல்ல?”

“என்னது?”

“கேட்டத, கேட்டதுன்னே சொல்றது. நாளைக்கி காத்து அடிக்குமாம்னு குப்பத்துல ஒருத்தன் சொன்னான்னா, யாருடா சொன்னான்னு கேப்போம். சொன்னவன் யாருன்னு தெரிஞ்சா, போறதா வேணாமான்னு நாங்க பாத்துக்குவோம். நீங்க ஏன் எங்களுக்காகப் பாக்கறீங்க?”

மறுநாளிலிருந்து என் ரிப்போர்ட்டை மூன்றாகப் பிரித்தேன். நடந்தது. நடந்ததாகச் சொல்லப்படுவது. சொன்னவர் யார், முன்பு எத்தனை தடவை சரியாகச் சொன்னார். ரமணன் சார் முதலில், “என்னம்மா, பரீட்சை பேப்பர் மாதிரி இருக்குது” என்றார். கப்பல் கம்பெனிக்காரர்கள் இப்படியே வேண்டும் என்று கேட்ட பிறகு, மற்ற மொழி டெஸ்க்குகளையும் அப்படியே செய்யச் சொன்னார். அந்தப் பத்தியாளரின் கணக்கைப் பார்த்தேன். பாதிக்கு மேல் சரி. நான் நினைத்ததைவிட நல்ல மனிதர்.

4. வேலு கேட்டது

வேலுவின் கப்பல் இருபது நாள் தாமதமாகக் கிளம்பியது. அந்த இருபது நாளும் அந்தத் துறைமுகத்தின் பெயர் எந்தப் பேப்பரில் வந்தாலும் முதலில் அதைத்தான் படிப்பேன். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இளைத்து, தாடியோடு வந்து சேர்ந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கௌரியும் அவனும் வீட்டுக்கு வந்தார்கள். என்னால் இருபது நாள் தாமதமானதைக் கௌரி அவனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். நான் ஆரம்பிக்கும் முன்பே, “வுடுங்கக்கா, வந்துட்டேன்ல” என்றான். அவனுக்குத் தெரிய வேண்டியது வேறு ஒன்றாக இருந்தது.

“எங்களப் பத்தி அந்தப் பேப்பர்ல வந்திச்சாக்கா?”

பழைய பக்கங்களைத் தேடினேன். தலைவர்கள் கைகுலுக்கும் படங்கள், வரைபடங்கள், சரித்திர வெற்றிகள் எல்லாம் வந்தன. கடைசியில் ஒரு செய்தியின் கடைசிப் பத்தியில் அந்தத் துறைமுகத்தின் பெயரும், பக்கத்தில் மூன்று சொற்களும் இருந்தன. படித்துக் காட்டினேன். “லிமான்தா பெக்லெயென் கெமிலெர். துறைமுகத்துல காத்துக்கினு இருக்கற கப்பல்கள்.”

“இதுல நான் எங்க?”

‘கெமிலெர்’ என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினேன். கப்பல்கள். அவன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்த்தான்.

“எங்க கப்பல்ல மட்டும் பத்தொம்போது பேரு இருந்தோம்க்கா” என்றான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் அகராதி எது நல்லது என்று கேட்கிறார்கள். அதைச் சொல்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன். செய்தியில் கப்பல் என்று வந்தால், ரிப்போர்ட்டை அனுப்பும் முன் அதற்குள் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால், தெரியவில்லை என்று எழுதுங்கள்.