அவளுடைய இருபது நிமிடம்

நிகழ்தகவு ஆய்வுகள் பற்றிக் கொல்லிமலையில் ஒருநாள் பயிலரங்கு நடத்தினேன். அதை யாராவது பாராட்டினால் இன்றும் வெட்கத்தில் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

மலையில் வைக்கலாம் என்று சொன்னது என் ஆய்வு மாணவி. அந்த மலையிலேயே உள்ள குண்டூர் நாட்டுப் பெண். “எங்க ஊர்ப்பக்கமே வைக்கலாங்க சார். அப்பா அம்மா நான் பேசறதைப் பாப்பாங்க” என்றாள். நான்கு வருட உழைப்புக்கு நான் அவளுக்கு ஒதுக்கியது மாலையில் இருபது நிமிடம். அழைப்பிதழில் கடைசி வரி அவளுடையது.

அன்று காலை ஒன்பது மணிக்கே அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்று தயங்கிச் சொன்னேன்.

“புரியாட்டிப் போவுதுங்க” என்றார் அம்மா. “குடிகாரன் ஊடு வந்து சேர்ற கணக்குன்னு சொல்லுச்சு. எங்கூர்ல அதுக்குக் கணக்கே வேண்டாமுங்க. எல்லாம் தானா வந்து சேர்ந்துருவாங்க.”

சிரித்துவிட்டேன். கால்போன போக்கில் அடியெடுத்து வைக்கும் ஒருவன் புறப்பட்ட இடத்துக்கே எப்போது திரும்புவான் என்பதுதான் அவளுடைய ஆய்வு. அம்மாவுக்கு நன்றாகவே விளக்கியிருந்தாள்.

சிறப்பு விருந்தினரான பேராசிரியர் பத்து மணிக்கு வந்திருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் காரை நிறுத்தி நிறுத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார் பாவம். கூடம் நிறைய எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவள் மெல்ல என்னிடம் வந்தாள்.

“சார், அவர் வர்ற வரைக்கும் நான் பேசிடட்டுங்களா?”

“விளக்கேத்தாம நிகழ்ச்சியை ஆரம்பிக்கறதா? விவரம் தெரியாதா உனக்கு?” என்று எரிந்து விழுந்தேன்.

குத்துவிளக்கு மேல் பழியைப் போட்டேன். பெரிய மனிதர் உள்ளே நுழையும்போது மேடையில் ஒரு மாணவி நின்றால் என்ன நினைப்பாரோ என்ற பயம்தான் உண்மை.

பன்னிரண்டு மணிக்கு வந்தார். விளக்கு, பொன்னாடைகள், வரவேற்புரை. வரவேற்புரை என்னுடையது, வளவளவென்று நீண்டது. அதற்குப் பிறகு அவர் பேச்சு, அடுத்தவர்கள் பேச்சு என்று எல்லாம் தள்ளிப்போக, மதியமே நிகழ்ச்சி நிரலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டேன். அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

நாலு மணிக்கு அம்மா வந்தார். “ஏனுங்க சார், எங்க கண்ணு எப்பங்க பேசும்? நாலரைக்கு பஸ்ஸுங்க.”

“இதோ, அடுத்தது அவதாங்க.” வாய் கூசாமல் சொன்னேன்.

“அப்ப பஸ்ஸு போனாப் போவுதுங்க” என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து மணிக்கு நாட்டுப்பண். எல்லாரோடும் சேர்ந்து அவர்களும் எழுந்து நின்றார்கள். முடிந்ததும் உட்கார்ந்து மேடையையே பார்த்தார்கள்.

முன்கூட்டியே அச்சடித்து நான் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த சான்றிதழ்களை வாசலில் மேசை போட்டுக் கொடுத்தோம். அவளுடையதில் ‘ஆய்வுரை வழங்கினார்’ என்று இருந்தது. வாங்கிப் படித்தாள். கூட்டம் கலைந்ததும் என் மேசையில் திருப்பி வைத்தாள்.

“நான் பேசலீங்களே, சார்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

“வேண்டாமுங்க சார், நடந்துக்குவோம்.”

“வாரோமுங்க” என்று அம்மா கும்பிட்டார். மூவரும் ரோட்டில் இறங்கினார்கள். வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நடுவில், கைகளை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டு நடந்தாள். இருபுறமும் அப்பாவும் அம்மாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே போனார்கள்.