214ஆம் அறைக்கு ஒரு தலை

“விதிகளைப் பின்பற்றுவார். குடியிருப்போருடன் அளவோடு பழகுவார். நெகிழ்வதில்லை. முன்முயற்சி: எதிர்பார்க்க வேண்டாம்.”

மொன்றியல் நகரின் லாசால் பகுதியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் ஆண்டு மதிப்பீட்டுத் தாளில், மகேந்திரராசா என்ற பராமரிப்பு உதவியாளரைப் பற்றிப் பிரெஞ்சில் இப்படி எழுதியிருக்கிறது. அந்தத் தாள் அவருடைய லொக்கர் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டியவர் அவரேதான். அதற்கு ஒரு சாண் மேலே சின்னக் கண்ணாடி. காலை ஆறே முக்காலுக்கு அந்தக் கண்ணாடியின் முன் நின்று அவர் தலை வாருகிறார்.

அறுபத்து மூன்று வயதில் அந்தத் தலை ஓர் அதிசயம். ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு சாயம் பூசப்பட்டு, பூட்ஸ் பாலிஷ் போல மின்னுவது. இடப்பக்க வகிடு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல இருக்கும். நெற்றியில் ஒரு சுருள். எண்பத்தொன்றில் யாழ்ப்பாணத்து ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் விழுந்த அதே சுருள், கடலையும் நான்கு நாடுகளின் குடிவரவு அலுவலகங்களையும் தாண்டி, கலையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. சீப்பு சீருடையின் மேல் பையிலேயே இருக்கும். யாரையாவது கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் இருத்தினால், முதலில் அவருடைய போர்வையைச் சரிசெய்வார். அடுத்து தன் சுருளை.

மதிப்பீட்டுத் தாளை அவருக்கு வாசித்துக் காட்டியவள் நிரோஜா. அதே மாடியில் வேலை செய்பவள். அவருடைய மகள் வயது. ஆனாலும் வேலையிடத்து முறைப்படி “அண்ணை” என்பவள்.

“அண்ணை, உங்களுக்கு இனிஷியேட்டிவ் இல்லையாம்.”

“அதென்ன சாமான்?”

“தானா ஒண்டும் செய்யமாட்டியளாம்.”

“நல்லதுதானே பிள்ளை. தானா ஏதாவது செய்யிறவையாலதானே உலகத்தில இவ்வளவு கரைச்சல்.”

அவருடைய பிரெஞ்சு ஏறத்தாழ அறுபது சொற்கள். பாதி உடலுறுப்புகள், மீதி கட்டளைகள். கை, தோள், முழங்கால், தூக்கு, திரும்பு, மெதுவாக. அறுபதுக்கு மேல் தேவைப்பட்டால் தமிழுக்கு மாறிவிடுவார். “இஞ்சால திரும்பு ராசா, வாயை ஒருக்காத் திற பாப்பம்,” என்று அவர் சொன்னால், நாற்பது வருடம் கியூபெக் நீதிமன்றங்களில் வாதாடிய மனிதர் வாயைத் திறக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வரிசை ஒழுங்குபடுத்துவது அவர் பொறுப்பு. அங்கே அவருக்கு ஒரே பகை, உச்சியில் முடி முடிந்துகொண்டு வரும் இளைஞர்கள். “தம்பி, கொண்டை உள்ளை இருக்கிற அம்மாளுக்கு. உனக்கில்லை,” என்பார். பையன்கள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். அவர் சீப்பை எடுத்து, வாரவேண்டிய தேவை இல்லாத தன் தலையை ஒருமுறை வாருவார். அதுதான் அவருடைய வாதம்.

இப்படிப்பட்டவரிடம்தான் 214ஆம் அறை ஒப்படைக்கப்பட்டது.

214இல் இருப்பவர் மார்செல். வயது எழுபத்தெட்டு. பேச்சு நின்று இரண்டு வருடம். இடுப்பு வரை வெள்ளைத் தலைமயிர். 1969இலிருந்து அதில் கத்தரி பட்டதில்லை என்று அவருடைய உடன்பிறந்தாரின் மகளான பெறாமகள் சொல்லியிருக்கிறாள். சுவரில் ஒரு படம். வெறுங்காலோடு, கழுத்தில் உருத்திராட்சமோ வேறு ஏதோ கொட்டையோ தொங்க, ஒல்லியான ஓர் இளைஞன் விளக்குப் பெட்டி ஒன்றின் மேல் குனிந்து நிற்கிறான். கையில் கண்ணாடிக் கிண்ணம். பின்னால் பெரிய திரை. அதில் சிவப்பும் நீலமுமாகக் குமிழ்கள் வீங்கி ஒன்றையொன்று விழுங்குகின்றன. குமிழ்களுக்கு முன்னே, எறும்பளவில், கிட்டாரும் கையுமாக ஐந்து பேர். அவர்கள்தான் மூன்லைட் ஃபெரி என்ற இசைக்குழு. அந்தக் காலத்தில் வேலையையும் சப்பாத்தையும் சிகையலங்காரக் கடையையும் கைவிட்டு, போர் வேண்டாமென்று பூவைக் காட்டிய பிள்ளைகள், அந்தக் குழுவின் பின்னால் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பழைய வான் வண்டிகளில் போனார்கள். பாடிய ஐவரையும் உலகம் அறிந்தது. எண்ணெயையும் நிறத்தண்ணீரையும் கிண்ணத்தில் விட்டு, விளக்கின் மேல் பிடித்து, பாட்டுக்கு ஏற்ப ஆட்டி ஆட்டி அவர்களை அந்தக் கனவுக்குள் மிதக்கவிட்டவரை ஒருவரும் அறியவில்லை. அது மார்செல்.

இந்தக் கதையைப் பெறாமகள் சொல்ல, நிரோஜா தமிழில் மாற்றிச் சொன்னாள். மகேந்திரராசா படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“பதினாலு பேர் ஒரே வீட்டில இருந்தவையாம் அண்ணை. ஒரு கொள்கையோட.”

“பதினாலோ? நாங்கள் வந்த புதுசில பார்க் எக்ஸ்டென்ஷனில ஒரே வீட்டில பதினெட்டுப் பேர் இருந்தனாங்கள். எங்களை ஒருத்தரும் படம் எடுக்கேல்லை.”

மார்செல் சாதுவான மனிதர். தலையில் கை வைக்கும்வரை. சீப்பு கிட்ட வந்தால் இரண்டு கைகளையும் வீசி அடிப்பார். குளிர்காலம் முழுவதும் வாராமல் கிடந்து, மயிர் பின்பக்கம் கயிறாகத் திரண்டுவிட்டது. ஓர் உதவியாளருக்குக் கன்னத்தில் கீறல். இன்னொருவரின் கண்ணாடி உடைந்தது. மாடிப் பொறுப்பாளர் அம்மையார் கெட்டவரல்ல. ஆறு பேர் செய்யவேண்டிய வேலைக்கு நான்கு பேரை வைத்துக்கொண்டு களைத்துப்போனவர். மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவர் முடிவைச் சொன்னார். செவ்வாய் காலை முடி வெட்டும் பெண் வருகிறாள். ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவாள். 214க்கு முழு மழிப்பு. குடும்பம் கையொப்பம் வைத்தாயிற்று.

மகேந்திரராசா தலையை ஆட்டினார். பிறகு தன் அறுபது சொற்களுக்குள் தேடி, கேட்டார்: “மார்செல்... வுய்?”

வுய் என்றால் ஆம். மார்செலுக்குச் சம்மதமா, அவரைக் கேட்டீர்களா என்பதுதான் அதன் பொருள். பொறுப்பாளருக்கு விளங்கியது. மார்செல் இரண்டு வருடமாக எதற்கும் பதில் சொல்வதில்லை என்று, கோபமில்லாமல் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் நிரோஜா பிடித்துக்கொண்டாள். “கோயில்ல பெடியளின்ர கொண்டையைக் கண்டாலே பாயிற ஆள் நீங்கள். இப்ப என்ன உந்தக் கிழவனுக்கு வக்காலத்து?”

“அதுகளுக்கு வாய் கிடக்கு. திருப்பிச் சொல்லுவாங்கள். இந்த மனுசனிட்டை என்ன கிடக்கு?”

“தலைமயிர்தானே அண்ணை. திரும்ப வளரும்.”

“எழுபத்தெட்டு வயசிலையோ?” சோற்றுப் பெட்டியை மூடினார். “என்ர தலையையும் ஒருக்காக் கேளாமல் மழிச்சவங்கள். எண்பத்தாறில. சந்தியில நிப்பாட்டி வைச்சு.”

“ஆர்?”

“வெட்டினவன்தான்,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. ஆண்கள் எண்ணெய் முழுகும் நாள். மகேந்திரராசாவின் கணக்கில் இது மொன்றியலுக்கும் பொருந்தும். ஆனால் இல்லத்தில் எண்ணெய் கூடாது. தரையில் ஒரு சொட்டு விழுந்து யாராவது வழுக்கினால் வேலை போய்விடும் என்று குளியலறைக் கதவில் படம் போட்டு எழுதியிருக்கிறது. வழுக்கி விழும் மனிதனின் படம். விதிகளைப் பின்பற்றுபவரின் சாப்பாட்டுப் பையில், அன்று, இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் நல்லெண்ணெய் இருந்தது.

சமையலறையில் சலாட் போடும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை எடுத்து, சுடுதண்ணீர் நிரப்பி, எண்ணெய் இளஞ்சூடாகப் போத்தலை அதற்குள் நிறுத்தினார். கிண்ணத்தை மார்செலின் முன்னாலிருந்த தட்டு மேசையில் வைத்தார். தரை முழுக்கப் பழைய துவாய்களை விரித்தார். வெளியே பனி மூடிய வாகன நிறுத்தம் வெள்ளையாகக் கண்ணைப் பறித்தது. சாய்ந்த வெயில் அதில் பட்டு, ஜன்னல் வழியாக அறைக்குள் இருமடங்காக வந்துகொண்டிருந்தது. போத்தலைத் திறந்து உள்ளங்கையில் சரித்தபோது, நாலைந்து சொட்டு கிண்ணத்தில் விழுந்தது.

எண்ணெய் தண்ணீரில் வட்டமாக விரிந்தது. வட்டங்கள் மெல்ல நகர்ந்து ஒன்றையொன்று தொட்டன.

மார்செல் அதைப் பார்த்தார். இரண்டு வருடமாக எதையும் பார்க்காத கண்கள். பிறகு இரண்டு கைகளும் மெதுவாக எழுந்து, யாரும் சொல்லாமலே கிண்ணத்தின் இரு பக்கமும் போய் உட்கார்ந்தன. அடிக்கிற கைகள் அல்ல. வேறு யாருடைய கைகளோ. கிண்ணம் ஒரு நூலளவு இடப்பக்கம் சரிந்தது. நின்றது. வலப்பக்கம் சரிந்தது. கூரையில் வெளிச்சம் அசையத் தொடங்கியது.

முதலில் அது வெறும் வெயில் நெளிவாகத்தான் இருந்தது. பிறகு அதற்கு ஓர் ஒழுங்கு வந்தது. ஒளித்தீவுகள் பிரிந்தன, மிதந்தன, சேர்ந்தன, மறுபடி பிரிந்தன. ஏதோ ஒரு பாட்டு அந்த அறையில் ஓடிக்கொண்டிருப்பதுபோல. காதில் விழாத பாட்டு, கூரையில் மட்டும் தெரிகிற தாளம். மார்செலின் மணிக்கட்டு அரைத்துடிப்பு முந்திச் சரியும். வெளிச்சம் சரியாக அந்தத் தாளத்தில் விழும். ஐந்து பாட்டுக்காரர்கள் எங்கோ, ஐம்பத்தாறு வருடத்துக்கு அப்பால், எறும்பளவில் நின்று வாசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“அடேயப்பா,” என்றார் மகேந்திரராசா. “ஆட்டு ராசா, ஆட்டு.”

அவர் பின்னால் போய், எண்ணெயைச் சிக்கில் ஊறவிட்டு, நுனியிலிருந்து தொடங்கினார். சிக்கை நுனியிலிருந்துதான் எடுக்கவேண்டும், வேரிலிருந்து இழுத்தால் உயிர் போகும் என்பது அவருக்குத் தெரியும். மனைவி விடியற்காலையில் தையல் ஆலைக்குப் போய்விட, மகள் கஜந்தினியின் இரட்டைப் பின்னலை எட்டு வருடம் பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். இந்தத் திறமையைக் கோயிலில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மகள் டொரொன்டோவில் கழுத்தளவு வெட்டிய முடியோடு இருக்கிறாள், விரல்கள் மறக்கவில்லை. இரண்டு மணி நேரம் போனது. சிக்கு ஒவ்வொன்றாக விட்டது. மார்செல் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அவருடைய கைகளுக்கு வேலை இருந்தது. வெந்நீரும் ஷாம்பூவும் கொண்டு அலசி, துவட்டி, மூன்றாக வகிர்ந்து, இடுப்பு வரை ஒற்றைப் பின்னல் இறங்கியது.

நிரோஜா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவள் முதலில் கவனித்தது கூரையையோ பின்னலையோ அல்ல. மகேந்திரராசாவின் நெற்றிச் சுருள் கலைந்து மூக்குவரை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒதுக்கவில்லை.

“அண்ணை... சீப்பு இல்லையோ?”

“உவருக்கு வேணும்,” என்றார், திரும்பாமல்.

செவ்வாய்க்கிழமை முடி வெட்டும் ரோஸ்லின் வந்தாள். செயின்ட்-மிஷேலில் இருந்து பஸ் எடுத்து வருகிற, சத்தமாகச் சிரிக்கிற பெண். 214இன் கதவைத் திறந்து, பின்னலைப் பார்த்து, மிஷினைக் கீழே வைத்தாள். எவ்வளவு அழகு என்று சொன்னாள். பிறகு பெருமூச்சு விட்டு, கையிலிருந்த தாளைக் காட்டினாள். பொறுப்பாளர் நகரத்தில் பயிற்சி வகுப்பில், தொலைபேசியை எடுக்கவில்லை. தாளை ரத்துச் செய்ய அவர் ஒருவரால்தான் முடியும். வேலை நடக்கவில்லை என்று எழுதினால், நாளை காலையே வேறு ஆளை அனுப்புவார்கள். அந்த ஆள் பின்னலைப் பார்க்கமாட்டான், தாளைத்தான் பார்ப்பான். நடந்தது என்று எழுதினால், அடுத்த முறை ஆறு வாரத்துக்குப் பிறகு. அதற்குள் பொறுப்பாளர் வந்து, சிக்கும் இல்லை, அடியும் இல்லை என்று தன் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ரோஸ்லின் செய்யாத வேலையைச் செய்ததாக எழுதமாட்டாள். அவளுக்கும் ஒரு கொள்கை இருந்தது.

நிரோஜா இதையெல்லாம் மொழிபெயர்த்து முடித்தாள். மகேந்திரராசா யோசித்தார்.

“அந்தப் பேப்பரில மார்செல் எண்டு பேர் கிடக்கோ?”

“இல்லை அண்ணை. அறை நம்பர் மட்டும்தான். 214. ஒரு தலை. முழுசா வழிக்கோணும்.”

“ஒரு தலை.”

“ஓம்.” அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. “ஐயோ அண்ணை, விசரே உங்களுக்கு? ஞாயிற்றுக்கிழமை கோயில்ல ஆர் செத்தது எண்டு கேப்பினம்!”

“நேர்த்திக்கடன் எண்டு சொல்லுறன்.”

“என்ன நேர்த்தி எண்டு கேட்டால்?”

“அதைப் பேந்து யோசிப்பம்.”

கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, எண்ணெய் நாலு சொட்டு விட்டு, மார்செலின் கைகளுக்கிடையில் வைத்தார். மேல் பையிலிருந்த சீப்பை எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் பார்த்து, வகிடைச் சரிசெய்து, சுருளை இருக்கவேண்டிய இடத்தில் ஒருமுறை இருத்தினார். சீப்பை மார்செலின் தட்டு மேசையில் வைத்தார். கூரையில் தீவுகள் நகரத் தொடங்கியிருந்தன.

காலை பத்தே காலுக்கு, 214ஆம் அறையின் நாற்காலியில் உட்கார்ந்து, மகேந்திரராசா மொட்டை அடித்துக்கொண்டார்.