ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு கடைச் சாவி

ரொம்ப வருஷம் கழித்து அக்காவுக்குப் போன வாரம் மறுபடி வலிப்பு. இன்று செங்கல்பட்டில் மூளை ஸ்கேன்.

"இரும்பு எதுவும் உள்ள எடுத்துனு போகக் கூடாதும்மா. மெஷின் இழுத்துக்கும்" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண்.

வளையல், ஊக்கு எல்லாம் கழற்றிய அக்கா, முந்தானை முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை. அதில் இருந்தது புதுப்பட்டினத்தில் அத்தா வைத்திருந்த துணிக்கடையின் சாவி. கடையே இப்போது இல்லை.

எழுபதுகளில் அதுதான் அவளுக்கு வைத்தியம். மூளையைப் படம் எடுக்கலாம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? கையில் இரும்பைத் திணித்தால் அடங்கும் என்றார்கள். அத்தா கடைச் சாவியைத் திணிப்பார். வலிப்பு அதுபாட்டுக்கு நிற்கும், பேர் மட்டும் சாவிக்கு. ஆனால் அவள் விரல் பிரிந்தால்தான் கடை திறக்கும்.

"இன்னா பாய், கட தொறக்கலியா?"

"சாவி பொண்ணு கையில கீது. கொஞ்சம் இருங்க."

பெருநாளுக்குத் துணி எடுக்க வந்த கூட்டம்கூட முணுமுணுக்காமல் நிற்கும். அதில் நின்ற யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்று ஒருவழியாகச் சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் கையை நீட்டினாள். என் விரல்கள் பிரியவில்லை.

"இன்னாடா, உனக்கும் வந்துட்ச்சா?"