வீட்டை விட்டுப் போன ஆமைகள்

என் மனைவி வேலை செய்த பாடசாலைச் சமையலறையில் ஒரு பெண் வீடு மாறிப் போகும்போது தன்னிடம் இருந்த இரண்டு தரை ஆமைகளை இவளிடம் கொடுத்துவிட்டாள். இரண்டும் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியவை. ஒன்று ஆண், மற்றது பெண் என்பதுகூட அப்போது எங்களுக்குத் தெரியாது. ரூஜ் என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டின் பேஸ்மென்றில், அந்த நிலக்கீழ் அறையில், பெரிய மரப்பெட்டி ஒன்று அடித்து, மண் நிரப்பி, மேலே வெப்ப விளக்கைக் கட்டினேன். அதற்கு மேல் எனக்கு அக்கறை இருக்கவில்லை. அவளுக்குத்தான் பித்து. வேலையால் வந்ததும் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கிவிடுவாள். கோடையில் அயலவர்கள் புல்தரையில் இருந்து களையென்று பிடுங்கி எறியும் டண்டெலயன் இலைகளை ஆமைகளுக்குத் தீனியாகப் பை கொண்டுபோய்க் கேட்டு வாங்கி வருவாள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஒரு வசந்தத்தில் பெண் ஆமை சாப்பிடாமல் பெட்டிக்குள் அங்குமிங்கும் நடந்து திரிந்தது. பிறகு விளக்குக்குக் கீழே போய்ப் பின்கால்களால் மண்ணைத் தோண்டத் தொடங்கியது.

"இஞ்சேரப்பா, கெதியா வாங்கோ, முட்டை இடப்போறாள்!"

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து மூச்சுக் காட்டாமல் பார்த்தோம். அது ஒவ்வொரு முட்டையாக இட்டது, பின்காலால் மெல்ல ஒதுக்கியது, கடைசியில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத் திரும்பியும் பாராமல் போய்விட்டது. ஆமை முட்டையை உருட்டக்கூடாது. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே கடைசிவரை மேலே இருக்கவேண்டும். அவள் ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, சூட்டில் குஞ்சு பொரிக்கவைக்கும் இன்கியுபேற்றருக்குள் அடுக்கினாள். அந்தக் கோடையில் பொரித்த குஞ்சுகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தாள். ஒன்று அவளோடு வேலை செய்த, ஸ்ரௌவ்வில் என்ற பக்கத்து ஊரில் புதுவீடு வாங்கியிருந்த ஓர் இளம்பெண்ணிடம் போனது.

அடுத்த வருடமும் முட்டைகள் வந்தன. அவை இன்கியுபேற்றருக்குள் இருந்தபோதுதான் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

செய்தி கேட்டு முதலில் வந்தவர் அவளுடைய அக்கா. தங்கையைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடிந்ததும் பேஸ்மென்ற் கதவைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள ஆமையை வைச்சுக்கொண்டு நல்லது நடக்குமோ? நான் அப்பவே சொன்னனான்."

"எனக்கு வந்தது வருத்தம், அக்கா. அந்த வாயில்லாச் சீவன்கள் என்ன செய்ததுகள்?"

அக்கா மட்டுமல்ல, வந்து போனவர்களில் பலர் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை, கீழே இறங்கும் படியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

மருந்து ஏற்றத் தொடங்க முதல் ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் எங்களை இருத்திப் பல கேள்விகள் கேட்டார். வீட்டில் மிருகங்கள் ஏதும் வளர்க்கிறீர்களா என்றார். அவள் சட்டென்று, இல்லை என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேர்ஸ் எழுதப்போனார்.

"ஆமை இருக்கிறது," என்றேன் நான்.

நேர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். இந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியை எல்லாம் எடுத்துவிடும் என்றும், ஆமையில் இருக்கும் கிருமி ஆமைக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் இவளைக் கொன்றுவிடலாம் என்றும் பொறுமையாக விளக்கினார். அவை வீட்டில் இருக்கக்கூடாது.

காரில் வீடு திரும்பினோம். பெருந்தெருவில் ஏறியபிறகு சொன்னாள், "அக்கா சொன்னதை நீங்களும் நம்பிப்போட்டீங்கள்."

"இல்லையப்பா. அக்கா சொல்லுறது ஒண்டு. நேர்ஸ் சொன்னது கிருமி. ரெண்டும் வேற."

"சனத்துக்கு ரெண்டும் ஒண்டுதான். ஆமையாலதான் வருத்தம், அதுதான் துரத்திப்போட்டினம் எண்டு சொல்லுவினம். அவையள் சொன்னது சரியெண்டு ஆகப்போகுது."

அவள் சொன்னது உண்மைதான்.

ஸ்ரௌவ்வில் பெண்ணிடம் தொலைபேசியில் கேட்டேன். "கொண்டு வாங்கோ அண்ணை, அக்காவை யோசிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றாள். என் மனைவியை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அடுத்தநாள் ஆமைகளைப் பெட்டியில் வைத்தேன். சூடு குறையாமல் சுடுதண்ணிப் போத்தலோடு அடுக்கிய முட்டைகளை நினைத்துத்தான் பயமாக இருந்தது. அவள் முகக்கவசத்தோடு படியின் மேலே நின்றாள். கீழே வர நான் விடவில்லை.

"புள்ளி மேல பாக்குதோ?"

"ஓம், நீர் பயப்பிடாதையும்."

"சுடுதண்ணிப் போத்தல் முட்டையில படக்கூடாது."

வழி முழுக்க ஊர்ந்துதான் போனேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹோர்ன் அடித்தார்கள்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருந்தபோது ஸ்ரௌவ்வில் பெண் வீடியோவில் அழைத்தாள். ஒரு முட்டையில் நட்சத்திரம் போல வெடிப்பு, அதற்குள் கறுப்பாய் ஒரு மூக்கு. என் மனைவிக்கு அப்போது தலையில் ஒரு மயிரும் இல்லை, வாயெல்லாம் புண். போனைப் பறிக்காத குறையாக வாங்கினாள்.

"அக்கா, முட்டைக் கோதை உடைச்சு விடட்டோ? பாவமாக் கிடக்கு."

"ஐயோ வேண்டாம் பிள்ளை! ரெண்டுநாள் எண்டாலும் உள்ளுக்கையே இருக்கும். மஞ்சள் கரு வயித்துக்குள்ள போகவேணும். அதுவா வரட்டும்."

ஒன்றைத் தவிர எல்லாம் பொரித்தன. பொரிக்காத முட்டையைப் பற்றி அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்சநாள் விட்டுப் பார்க்கச் சொன்னாள். கடைசியில் அந்தப் பெண் அதை எடுத்து எறிந்துவிட்டாள். நாங்கள் இவளுக்குச் சொல்லவில்லை.

இலையுதிர்காலத்தில் கொஞ்சநாள் வீட்டுக்கு விட்டார்கள். பார்க்கவேண்டும் என்றாள், கூட்டிக்கொண்டு போனேன். அந்த வீட்டு வரவேற்பறையில், கண்ணாடித் தொட்டியில் இருந்து தள்ளி நாற்காலி போட்டோம். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அவள் இரண்டு கைகளையும் குளிர்ச்சட்டைப் பைகளுக்குள் வைத்திருந்தாள், போகும்வரை வெளியே எடுக்கவில்லை.

பனி கொட்டத் தொடங்கியபோது அவள் போய்விட்டாள். நான் நேர்ஸிடம் உண்மை சொன்னதற்காக என்னை மன்னித்தாளா என்று தெரியாது. அந்தப் பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, அவளுடைய காரியங்களுக்கு வந்திருந்த எங்கள் மகன் தன் வேலைக்குக் கல்கரிக்குத் திரும்பிய பிறகு, பெரிய ஆமைகள் இரண்டையும் கொண்டுவரப் போகிறேன் என்று அவளுடைய அக்காவிடம் சொன்னேன்.

"உங்களுக்கென்ன விசரே? திரும்பவும் இந்த வீட்டுக்குள்ளையோ?"

"அவள் போயிட்டாள், மச்சாள். இனி இந்த வீட்டில என்ன நடக்கக் கிடக்கு?"

அவர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதார். கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று பிறகு கவலைப்பட்டேன்.

கொண்டுவந்த பிறகு பெண் ஆமை பல நாட்களாக ஒன்றும் சாப்பிடவில்லை. மூலையில் தலையை உள்ளே இழுத்தபடி கிடந்தது. என்ன செய்வதென்று கேட்க ஸ்ரௌவ்வில் பெண்ணை அழைத்தேன். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சநேரம் விடச் சொன்னாள், விட்டேன். அடுத்தநாள் ஒரு இலையின் ஓரத்தைக் கடித்தது. அதைச் சொல்ல மீண்டும் அவளை அழைத்தேன்.

"உது இன்னும் முப்பது வருசம் இருக்குமாம், பிள்ளை. எனக்கு அறுபது தாண்டிட்டுது."

"பிறகு நான் எடுத்து வளப்பன், அண்ணை. நீங்கள் இப்ப போய்ச் சாப்பிடுங்கோ."