ஜெஸீமா ராத்தாவின் கமக்கட்டுக் கட்டி

போன சனிக்கிழமை கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். முகம் மூடியிருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். கீரி மீனைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“நீங்கதானே பேப்பர்ல எழுதுற டீச்சர்? ஜெஸீமா ராத்தாட பக்கத்து வீடு?”

“ஓம்.”

“கமக்கட்டுலயும் மார்புப் புற்றுநோய் வருமாமே... மெய்யா?”

மெய்தான். அக்குளில் அபூர்வமாக வரும் – ஆனால் வரும். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை எனக்கும் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜெஸீமா ராத்தா கல்முனைக்குடியில் பெண்கள் இறந்தால் மையத்தைக் குளிப்பாட்டுகிறவர். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மௌத்தானால் முதலில் அவருக்குத்தான் போன் போகும். இருபது வருடமாக இதைச் செய்கிறார். இறந்தவரின் உடலில் எதைக் கண்டாலும் வெளியே சொல்லக் கூடாது என்பது மார்க்கத்தின் ஒழுங்கு. அதில் ராத்தா மகா கண்டிப்பு. யார் என்ன துருவிக் கேட்டாலும், “நல்லபடியாக் குளிப்பாட்டி அனுப்பின” என்பதோடு வாயை மூடிக்கொள்வார்.

அவருடைய வலது கமக்கட்டில் சின்ன வயதிலிருந்தே ஒரு சதைப்பிடிப்பு இருந்தது. மாதாமாதம் கொஞ்சம் வீங்கும், பிறகு வற்றும். நாற்பத்தாறு வயதில் அதற்குள் ஒரு கட்டி திரண்டது. கொட்டைப்பாக்கு அளவு. வலியில்லை. மருந்துக் கடையில் கேட்டார் – வேர்க்கட்டி என்று பூசுமருந்து கொடுத்தார்கள். ஓரிடத்தில் காட்டினார் – நெறி கட்டியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னோரிடத்தில், வெறும் கொழுப்புக் கட்டி, பயமில்லை என்றார்கள். நாலு மாதம் இப்படியே போனது.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மையத்து வீட்டிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி ஊற்றினேன். குடிக்கவில்லை.

“புள்ள, நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வாறியா?”

“ஏன் ராத்தா? அங்க என்ன கண்டீங்க?”

“அதக் கேக்காத.”

கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது.

மறுநாள் கிளினிக்கில் இருந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஓர் இளம் டொக்டர், பெண். வெளியே நீண்ட வரிசை. அவசரமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. கட்டியைத் தடவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

“அம்மா, பிள்ளைகளுக்குப் பால் குடுக்கக்குள்ள இந்த இடத்துல ஏதும் வித்தியாசம் இருந்ததா?”

ராத்தா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“ரெண்டாவது புள்ளைக்குப் பால் குடுக்கக்குள்ள... இந்த இடத்தாலயும் பால் கசிஞ்ச, டொக்டர். ஒரு மச்சம் மாதிரிப் புள்ளி இரிக்கி, அதால. நான் ஒத்தருக்கும் சொல்லல்ல.”

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தாயின் வயிற்றில் இருக்கும்போது கமக்கட்டிலிருந்து தொடையிடுக்கு வரை மார்பகத்துக்கான ஒரு கோடு உருவாகுமாம். நெஞ்சில் உள்ள பகுதி தவிர மற்றது பிறகு மறைந்துவிடும். சிலருக்கு அதில் ஒரு துண்டு மறையாமல் தங்கிவிடும், அநேகமாகக் கமக்கட்டில். பெரும்பாலும் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அதுவும் மார்பகத் திசுதான். மார்பகத்துக்கு வரக்கூடிய எதுவும் அங்கேயும் வரலாம்.

ஸ்கேன் எடுத்தார்கள். மெமோகிராம் எடுத்தார்கள். இரண்டு மார்பகமும் சுத்தம். கட்டியில் ஊசி போட்டுச் சதைத் துண்டு எடுத்து பயொப்சிக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று முடிவு வந்த அன்று ராத்தா அழவில்லை. அழுதது நான்.

அவர் கேட்டது ஒன்றுதான்.

“நெஞ்சையும் வெட்டணுமா?”

“தேவையில்ல அம்மா. அங்க நோய் இல்ல. இந்தக் கட்டியச் சுத்தியுள்ள சதையோடயும், கமக்கட்டு நெறிகளோடயும் எடுப்பம்.”

எடுத்தார்கள். இரண்டு நெறிகளுக்கு – நிணநீர் முடிச்சுகளுக்கு – நோய் போயிருந்தது. ஆகவே கீமோ. அது முடிந்து மட்டக்களப்பில் கதிர்ச் சிகிச்சை. இப்போதும் தினம் ஒரு மாத்திரை – இன்னும் சில வருடங்களுக்கு.

ராத்தாவின் கணவர் நசார் காக்கா மில் வைத்திருக்கிறார். முதலில் அவர் சொன்னது இதுதான்: “ஊருல ஒத்தருக்கும் தெரிய வேணாம். மகளுக்கு மாப்பிள பேசுற நேரம்.” எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒவ்வொரு கீமோவுக்கும் மில்லை மூடிவிட்டு, பிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு வார்ட் வாசலில் நின்றதும் அதே மனிதர்தான். தலைமுடி முழுக்கக் கொட்டியது ஊருக்குத் தெரியவே இல்லை. முக்காட்டுக்கு இப்படியும் ஒரு வசதி.

ராத்தாவுக்கு நோயை விடப் பெரிய கவலை கை. நெறி எடுத்த பக்கம் தோள் இறுகிவிட்டது. கை வீங்கும் ஆபத்தும் உண்டு, பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். அவர் டொக்டரிடம் கேட்டார்: “அப்ப மையத்தப் புரட்டலாமா?”

டொக்டர் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இருந்திருக்காது. ஆனாலும் பதில் சொன்னார்: “புரட்ட வேற ஆள் வையுங்க. நீங்க தண்ணி ஊத்துங்க. அதுக்குக் கையப் பழக்குவம்.”

கையைப் பழக்குவது என்பது சுவருக்கு எதிரே நின்று விரல்களைச் சுவரில் மெல்ல மெல்ல மேலே நகர்த்துவது. ராத்தாவின் அறைச் சுவரில் பென்சில் கோடுகள் இருக்கின்றன – எட்டிய இடமெல்லாம் ஒரு கோடு. முதல் கோடு என் இடுப்பு உயரம். கடைசிக் கோட்டை நான் எட்டிப் பிடிக்க வேண்டும். இதைப் பார்த்த நாளில், காய்ச்சல் வந்தாலே கட்டிலை விட்டு எழும்பாத என்னை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

போன மாதம், பெண்களின் வியாழக்கிழமை பயானில், அந்த மார்க்கச் சொற்பொழிவில், தனக்குப் பத்து நிமிடம் வேண்டும் என்றார் ராத்தா. அன்று காலை கணவரிடம் சொல்லியிருக்கிறார். காக்கா மில் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாராம். பிறகு, “மைக்கக் கிட்டப் புடிச்சிக் கதை. ஒனக்குச் சத்தம் பத்தாது” என்றாராம்.

மைக்கைக் கிட்டப் பிடித்துக்கொண்டு ராத்தா சொன்னார்:

“இருவது வருஷமா மத்தவங்கட உடம்புல நான் கண்டதச் சொல்ல ஏலா. அது அமானிதம், நம்பி ஒப்படச்சது. ஆனா இது என்ட உடம்பு. இத நான் கதைக்கலாம்.”

கதைத்தார். கட்டி, பால் கசிந்தது, ஊசி, ஒபரேஷன், கொட்டிய முடி – எல்லாம். முடிவில் பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழும்பினாள்.

“ராத்தா, இதெல்லாம் சபையில கதைக்க வெக்கமில்லையா?”

“இரிந்திச்சி புள்ள. அந்த வெக்கத்துல பால் கசிஞ்சத மறைச்சதாலதான் நாலு மாசம் வீணாப் போன.”

மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் உம்மாவும் முன்வரிசையில் இருந்தார். ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் பயந்துபோனோம். இரண்டு நாள் கழித்து ராத்தாவுக்குப் போன் வந்தது. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த டொக்டருக்கு எந்த நாள் கிளினிக் என்று கேட்டார்.

ராத்தாவின் கடைசிப் பரிசோதனை சுத்தமாக வந்திருக்கிறது. மறுபடி மையத்து வீடுகளுக்குப் போகிறார் – தண்ணீர் ஊற்ற.

இந்தத் திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போக ஒரு வேன் பேசியிருக்கிறார். எல்லாச் சீட்டும் நிறைந்துவிட்டது. நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன் – துணைக்கு அல்ல, எனக்கும் என் உடம்பில் ஓர் இடத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது.