வெட்டு தாண்டிய பேபி கார்

அன்று காலை எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேரும்படி உத்தரவு முந்தின நாள் சாயங்காலம்தான் பூதப்பாண்டிக்கும் அப்பால் இருந்த எங்கள் ஊருக்கு வந்தது. அன்று பள்ளிக்கூட மணி அடிக்குமுன் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்த பெண்ணுக்கு. இருட்டோடு மெயின் ரோட்டில் போய் நின்றேன். பஸ் வழியில் படுத்துவிட்டதாகச் சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னபோது வெயில் ஏறியிருந்தது. நடந்தால் மதியம் ஆகிவிடும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஒரு பஸ்ஸுக்காக இந்த வேலையை விடுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு வயல் ரோட்டில் திரும்பி ஓடினேன்.

அப்பா வயலில் நடவில் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் சேற்றுக் காலோடு பண்ணையார் வீட்டுக்குப் போய்க் காரைக் கேட்டார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே வரும் பெரிய கார் அது. வந்தது, படகு போல. எங்கள் வயலுக்குப் பக்கத்தில் ரோட்டில் இருந்த வெட்டைக் கண்டதும் நின்றுவிட்டது.

அன்று அப்பாவுக்குத் தண்ணீர் முறை. முறைக்காரர் ரோட்டை வெட்டிக் கால்வாய்த் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் ஒருதரம் மூடிவிட்டால் முறை முடிந்தது, தண்ணீர் அடுத்தவருக்கு. அந்த அடுத்தவர் மண்வெட்டியோடு வரப்பிலேயே காத்து நின்றார். எங்கள் வயலில் பாதிக்குத்தான் தண்ணீர் ஏறியிருந்தது. மீதிப் பாதியில் நாற்றுக்கட்டுகள் காய்ந்த மண்ணில் கிடந்தன.

"ஓய், இதை மூடும். சக்கரம் எறங்கிச்சுன்னா பிறகு ஆனைதான் வரணும்" என்றார் பண்ணையாரின் டிரைவர்.

அப்பா மண்வெட்டியை எடுத்தார். நான் அதன் பிடியைப் பற்றிக்கொண்டேன்.

"வேண்டாம்பா. நான் நடந்து போறேன்."

"எப்பம் போய்ச் சேருவே? விடு மக்ளே. நெல்லு அடுத்த பூ நடவிலயும் விளையும். வேலை வருமா?"

மண்வெட்டியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

அப்போதுதான் பின்னால் வாத்து கத்துவது போல ஒரு ஹாரன். நாகர்கோவில் டாக்டரம்மாவின் பேபி கார். ஊரில் ஒரு பிரசவத்துக்காக முந்தின ராத்திரி, ரோட்டை வெட்டுமுன்னே, வந்திருந்தார். அந்தக் காரின் கூரை என் தோளுக்குத்தான் வரும். அவரே ஓட்டுவார். அதைப் பார்க்கவே பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள்.

டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு இறங்கி வெட்டைப் பார்த்தார். "மூடாண்டாம். தூக்குங்கோ."

டிரைவர் சிரித்தார். "காரைத் தூக்கவா? நல்ல கதை!"

"உம்ம காரைச் சொல்லல்ல ஓய். அது நிக்க இடத்திலயே பெட்ரோல் குடிக்கும். இது நேத்து ஊத்தினதில ரெண்டு ஊரு சுத்தியாச்சு, இன்னும் வீடு போய்ச் சேரும்."

டிரைவர் பெரிய காரை ஓரம் ஒதுக்கினார். நடவுப் பெண்கள் கரையேறி வந்தார்கள். ஒருத்தி என் கஞ்சி போட்ட சேலையைப் பார்த்தாள்.

"ஏட்டி வாத்திச்சி, நீ மட்டும் உள்ள ஏறி இருக்கப்போறியா? உனக்க கனமும் எங்களுக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வெட்டுக்குள் இறங்கினேன். அடுத்த முறைக்காரரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். "முறை வேற, இது வேற" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டார். எல்லோரும் பிடித்துத் தூக்கியதில் காரின் முன்பக்கம் எழும்பி அக்கரையில் உட்கார்ந்தது.

"தலை வந்துட்டு டாக்டரம்மா! இனி கால் வந்தாப் போரும்!" என்று அந்தப் பெண் கத்தினாள். சிரிப்பில் பிடி நழுவப் பார்த்தது. பின்சக்கரங்களும் கரையேறின. எங்கள் கால்களுக்கிடையே தண்ணீர் நிற்காமல் வயலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காரில் முழங்கால் முன்பலகையில் இடித்தது. தகரமெல்லாம் நடுங்கியது. மணி அடித்துவிடுமோ என்ற பதைப்பிலும் என் கண் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்திய டாக்டரம்மாவின் பாதங்களை விட்டு நகரவில்லை.

"இது ஓட்டப் படிக்க நாளாகுமா?"

"முதல்ல நேரத்துக்குப் போய்ச் சேரு பிள்ளே" என்று அழுத்தி மிதித்தார்.

மணிக்குச் சற்று முன்பு கையெழுத்துப் போட்டேன். தலைமை ஆசிரியை என் சேலையின் சேற்றைப் பார்த்தார். நான் அதை மறைக்கவில்லை.

சாயங்காலம் திரும்பியபோது அப்பா வரப்பில் நின்றார்.

"சேந்தாச்சா?"

"சேந்தாச்சு. நட்டாச்சா?"

"நட்டாச்சு."

எங்கள் வெட்டு மூடியிருந்தது. ஈர மண்ணில் பேபி காரின் டயர்த் தடங்கள் வெட்டின் ஓரத்திலிருந்து மெயின் ரோட்டுப் பக்கம் போயின. நடுவில் நின்று கைகளை விரித்துப் பார்த்தேன். இரண்டு தடமும் என் கைகளுக்குள் அடங்கின. அப்பா வீட்டுக்குக் கூப்பிட்டார். காதில் விழுந்தும், தடத்தோடு இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன்.