வேப்பமரத்தில் புயல் கூண்டு

எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. மலை உண்டு, மலைமேல் முருகன் உண்டு, ஆடி பிறந்தால் பம்பை உடுக்கையோடு காவடிகள் உண்டு. தண்ணீர் என்றால் கிணறு, குடம், மழை பெய்தால் குளம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட திருத்தணிக்கு ஓர் ஆடி முதல் நாளில் கடல் மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து இறங்கியது. கையில் டிரங்குப் பெட்டி, சட்டைப் பையில் விசில், வெயிலில் கறுத்த மூக்கு. என் அக்காவின் புருஷன். எனக்குப் பாவா.

பாவாவுக்குக் கடலோரத்தில் ஒரு சின்னத் துறைமுகத்தில் வேலை. பெரிய கப்பல் எதுவும் அங்கே வராது, மீன்பிடிப் படகுகள்தான். படகு கட்டும் தூண் ஆடுகிறதா, சங்கிலி துருவேறிவிட்டதா, படகு சுவரில் மோதாமலிருக்கத் தொங்கவிட்ட டயர் கிழிந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா, கயிறு நைந்திருக்கிறதா என்று பொழுதெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். வேலையை அங்கே விட்டுவிட்டு வந்தாலும் கண்கள் கூடவே வந்துவிட்டன. வீட்டுக்குள் காலை வைப்பதற்கு முன்னால் கிணற்றுக் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"அத்தை, இது எத்தினி வருஷத்துக் கயிறு?"

"என் கல்யாணத்தப்ப வாங்குனது மாப்ள."

"இன்னிக்கே அவுத்துப் போட்டுடுங்க. ஆபத்து."

அம்மா கயிற்றைப் பார்க்கவில்லை. என் அப்பாவை, அதாவது நைனாவைப் பார்த்தாள்.

ஆடி முதல் நாள் புது மாப்பிள்ளைக்கு விருந்து வைத்து, வேட்டி சட்டை கொடுத்து, பெண்ணை நிறுத்திக்கொண்டு அவனை மட்டும் சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிடுவது எங்கள் நெசவுத் தெருவின் வழக்கம். ஆடியில் அவர்கள் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது யாருக்கும் ஆகாது என்பது அம்மாவின் கட்சி. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு அம்மாவிடமிருந்து வந்த உத்தரவு வேறு.

"பாவா போற வரைக்கும் அக்கா பக்கத்துலயே இரு. இன்னா ஆனாலும் நவுரக் கூடாது, ஆங்?"

ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துத் தலையாட்டினேன்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் எங்கள் தெரு அம்மன் கோயில் குளம். அங்கே ஆடித் தெப்பத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. காலி எண்ணெய்ப் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, மேலே மூங்கில் பரப்பி, பலகை அடித்து, அதன்மேல் அம்மனை ஏற்றிக் குளத்தைச் சுற்றிவருவோம். தர்மகர்த்தா என் பெரியநைனாதான், நைனாவின் அண்ணன். பாவா நின்றார். பெட்டியைக் கீழே வைத்தார். ஒரு பீப்பாயை விரலால் தட்டினார். துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

"பெரிய மாமா, இதுல சாமி ஏறக் கூடாது."

"போன வருஷம் ஏறிச்சே!"

"போன வருஷம் சாமி தைரியமா இருந்திருக்கும்."

பெரியநைனா குடையைச் சுருக்கி விரித்துச் சுருக்கி விரித்தார். அம்மன் தண்ணீரில் விழுந்தால் ஊர் யாரைக் கேட்கும் என்று அந்தக் குடைக்குள் நின்று யோசித்திருக்க வேண்டும். சாயங்கால பஸ் எங்களைத் தாண்டி, ஹாரன் அடித்தபடி, பாவா இல்லாமல் போனது. வழியனுப்ப எங்களோடு வந்திருந்த அக்கா அந்த பஸ்ஸைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று தொடங்கியது எங்கள் குளம் துறைமுகமாகும் வைபவம். பீப்பாய் மாற்றினார்கள். மாற்றிய பீப்பாய்க்கு அடைப்பு சரியில்லை என்றார். அடைப்பைச் சரி செய்தால் பலகையில் ஆணி துருத்துகிறது என்றார். ஆணியை அடித்தால் படியில் பாசி. லாரி டயர்களைத் தேடிப்பிடித்துக் குளக்கரைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டார். கல்தூணுக்கு வெள்ளை அடித்து, "இதுல ஆடு மாடு கட்டக் கூடாது" என்றார். அதுவரை அங்கே கட்டிவந்த எருமை விசில் சத்தம் கேட்டுக் குளத்தைவிட்டே ஓடியது. இரவில் தறிக்கொட்டாயில் நைனாவுக்கு இந்தப் பக்கம் பாவா, நடுவீட்டில் அம்மாவுக்கு அந்தப் பக்கம் அக்கா, அக்காவின் காலைப் பிடித்தபடி காவலுக்கு நான்.

பிறகு அந்தக் கூண்டு. அம்மா கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடைக்குக் கரி பூசிக் கயிற்றில் கட்டி, குளக்கரை வேப்பமரத்தின் உச்சிக்கு ஏற்றிவிட்டார். துறைமுகத்தில் காற்று எழும்பினால் கூண்டு ஏற்றுவார்களாம்.

கே.ஜி.கண்டிகை டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. டீ குடித்தவர்கள் பஸ் ஏறினார்கள். பஸ் ஆர்.கே.பேட்டை தாண்டுவதற்குள் கூண்டு பெரிதாகிவிட்டது. அம்மையார்குப்பத்தில் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டிருந்த தறிப் பாவு நூலையெல்லாம் அவசரமாகச் சுருட்டி உள்ளே கொண்டுபோனார்களாம். அங்கிருந்து ஒருவர் சைக்கிள் மிதித்து வந்து நைனாவை வாசலில் பிடித்தார்.

"இன்னாய்யா, உங்க மாப்ள புயல் கொண்டாந்துட்டாராமே?"

"அது கோழிக் கூடைப்பா!"

"கூடையா இருந்தா இன்னா, ஏத்தினது கவர்மெண்ட் ஆளாச்சே!"

ஒரு நாள் பாவு போனால் நெசவாளிக்கு ஒரு நாள் சோறு போனது போல. நைனாவின் முகம் கூடைக் கரியைவிடக் கறுத்தது.

காப்பி கொண்டுபோகும் வேலை அக்காவுக்கு, அக்காவைக் கொண்டுபோகும் வேலை எனக்கு. குளப்படியில் நான் நடுவில் உட்கார, இரண்டு பக்கமும் அவர்கள். அவர்கள் பேசியதெல்லாம் முடிச்சு. உலகத்தில் இதைவிடச் சலிப்பான பேச்சு இருக்க முடியாது. தறியில் இழை அறுந்தால் சேர்க்கும் முடிச்சை அக்கா கயிற்றில் போட்டுக் காட்டினாள். பாவா சிரித்தார்.

"இது எங்க படகுக்காரங்களும் போடறதுதான். இழுவை இருந்தா இரும்பாட்டம் நிக்கும். தளர்ந்து ஆடிச்சின்னு வெய்யி, தானா அவுந்துடும். படகு கட்டறதுக்கு இது ஆவாது."

"ஆங்" என்றாள் அக்கா. ஒரு முடிச்சுக்கு எவ்வளவு நேரம் ஆங் போடுவார்கள்! நான் காப்பி டம்ளரில் தேங்கியிருந்த சர்க்கரையை நக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நைனா தீர்த்துச் சொல்லிவிட்டார். "இன்னிக்கி வெள்ளோட்டம். மாப்ள பாத்து சரின்னுட்டா, சாயங்காலம் பஸ்."

பாவா பெட்டியோடு குளத்துக்கு வந்தார். பீப்பாய்களைத் தட்டினார், பலகையை மிதித்தார். டயர், தூண், பாசி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தவர் கடைசியில் கயிற்றுக்கு வந்தார். தெப்பத்தின் கயிறும் தூணின் கயிறும் சேரும் இடத்தில் அவரே போட்ட முடிச்சு. அவரே பஜாரில் முறுக்கிப் பார்த்து வாங்கிய புதுக் கயிறு. குறை எதுவும் இல்லை. குறையில்லாத ஒன்றைப் பார்த்து ஒரு மனிதர் இப்படி வாடுவாரா?

"எல்லாம் சரியா இருக்குது மாமா" என்றார், யாரோ செத்த சேதி சொல்வதுபோல.

நைனாவும் பெரியநைனாவும் பம்பைக்காரரும் தெப்பத்தில் ஏறினார்கள். கூட்டம் அவர்களையே பார்த்தது. நான் உத்தரவுப்படி அக்காவைப் பார்த்தேன். அவள் டம்ளர் கழுவக் குனிந்தவள், கயிறு சேரும் இடத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள்.

"இன்னாக்கா பண்றே?"

"சரியா இருக்குதான்னு பாத்தேன்."

மலைப்பக்கமிருந்து காற்று இறங்கியது. தெப்பம் மெல்ல ஆடியது, கயிறு தளர்ந்தது, விறைத்தது, தளர்ந்தது. பிறகு மிகவும் நிதானமாக, கல்யாண வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பும் விருந்தாளியைப்போல, தெப்பம் கரையைவிட்டு நகர்ந்தது. தள்ளும் கழி கரையில் கிடந்தது. காற்று பெரியநைனாவின் விரித்த குடையைப் பிடித்துக்கொண்டு தெப்பத்தை நடுக்குளத்துக்கு இட்டுச்சென்றது.

"குடையை மடக்குண்ணா!" என்று அலறினார் நைனா.

"வெயில் அடிக்குதேடா!"

"ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதே! மாப்ள! மாப்ளேய்!"

பம்பைக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அடிக்க ஆரம்பித்துவிட்டார். பாவா விசிலை ஊதினார், லாரி டியூபை இடுப்பில் மாட்டினார், படியிலிருந்து பாய்ந்தார். கரையில் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மூழ்கிய பாவா எழுந்தார். எழுந்து, நின்றார். தண்ணீர் அவர் மார்புவரைதான் இருந்தது. அப்படியே நடந்துபோய், தெப்பத்தின் கயிற்றைப் பிடித்து, வீட்டுக்கு வர மறுக்கும் எருமையை ஓட்டிவருவதுபோல நைனாவைக் கரைக்கு இழுத்து வந்தார்.

கரையேறிய நைனா வெள்ளை அடித்த தூணைக் கட்டிக்கொண்டார். "முடிச்சு எப்படிய்யா அவுந்துச்சு?"

பாவா கயிற்றின் நுனியை எடுத்துப் பார்த்தார். நார் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று விரலால் தடவினார். ஒரு கணம் எங்கள் பக்கம் திரும்பினார். அக்கா டம்ளரை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கயிறுதான் மாமா சரியில்ல. நம்ப முடியாது. தெப்பம் முடியற வரைக்கும் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூடவே இருந்து பாத்துகினு இருக்கணும்."

"அப்ப நீங்களே இருந்துட்டுப் போங்க, சாமி!" என்றார் நைனா. இரவுக் காவலுக்கு அதற்குப் பிறகு அவருக்குத் தெம்பில்லை. காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதில் அம்மாவின் கவனம் போனது. நானோ, காலைப் பிடித்தபடியே தூங்குகிற காவலாளி.

எனக்குத்தான் ஆறவில்லை. அது புதுக் கயிறு. அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன்: "கயிறு மேல தப்பில்லம்மா. அக்காதான் கைய வெச்சா. அவளுக்கு முடிச்சே போடத் தெரில." அம்மா கரண்டியை நிறுத்தினாள். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

தெப்பம் எந்தக் குறையுமில்லாமல் மிதந்தது. அம்மன் நனையவில்லை. ஆடி முடிந்தது.

சித்திரையில், மலைப்படிக்கட்டில் கால் வைக்க முடியாத வெயிலில், அக்காவுக்குப் பையன் பிறந்தான். அம்மா விசிறிக்கொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே கொஞ்சினாள். பாவா மறுபடி பெட்டியோடு இறங்கினார். வழக்கம்போலக் கிணற்றுக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். கொடிக்கயிற்றை, பரண் ஏணியை, தறியில் தொங்கிய கயிறுகளைக்கூட இழுத்துப் பார்த்தார். உத்தரத்தில் தொட்டில் தொங்கியது. அதன் கயிற்றை அக்கா கட்டியிருந்தாள். அவள் போட்ட முடிச்சு குளத்தில் என்ன செய்தது என்று தெரிந்தவள் நான். அதனால் பதறிப்போய், "பாவா, இந்தக் கயித்தையும் பாருங்க" என்றேன்.

பாவா பார்க்கவேயில்லை. பிள்ளையைத் தூக்கி அதில் போட்டு ஆட்டத் தொடங்கிவிட்டார். ஊரில் உள்ள கயிறு எதையும் நம்பாத மனிதர் அதை மட்டும் எப்படி நம்பினார் என்று எனக்கு விளங்கவில்லை. தொட்டிலுக்குக் கீழே இரண்டு தலையணைகளைப் போட்டுவிட்டு, அன்றைக்கெல்லாம் அங்கேயே காவல் உட்கார்ந்திருந்தேன்.